தேவா கட்டம் வந்த கதை

ஓய்வு பெறுகிறவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பது நமது நிறுவனத்தின் வழக்கம். இனி எந்த நேரத்துக்கும் எங்கேயும் போக வேண்டாத ஆளுக்கு நேரம் காட்டும் பொருள் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கடிகாரத்தோடு ஒரு வேலையும் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பட்டியல்களில் நாம் கட்டாயமாக வைக்கும் அந்தச் சின்னக் கட்டம் எப்படி வந்தது என்று எழுதித் தர வேண்டுமாம்.

எந்தக் கட்டம் என்று உங்களுக்குத் தெரியும். திரையில் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு வரியை மவுஸால் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட்டால் அது அங்கே உட்கார்ந்துகொள்ளும். இழுக்க முடியாதவர்களுக்காக ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஓர் எண் கட்டம் இருக்கும். அதில் நாலு என்று அடித்தால் அந்த வரி நாலாம் இடத்துக்குப் போய்விடும். இதைத்தான் இங்கே ‘தேவா கட்டம்’ என்கிறீர்கள். தேவா நான்தான். “தேவா கட்டம் இல்லாமல் எந்தப் பட்டியலும் வெளியே போகக் கூடாது” என்று சேர்ந்த முதல் வாரமே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பல வருடங்களாக அதைக் கேட்டு அடக்கமாகப் புன்னகை செய்து வந்திருக்கிறேன். அந்தப் புன்னகை எனக்கு நன்றாகவே பழகிப் போயிருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். இது ஒரு பெண்ணின் வேலை போன கதை. அதை இப்போதே சொல்லிவிட்டால், நடுவில் நான் என்னைப் புகழ்ந்துகொள்ளும் இடங்களில் நீங்கள் ஏமாறாமல் இருப்பீர்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். பதுளையில் ஒரு ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் மூன்று கணினி, இரண்டு மின்விசிறி, நான்கு பேர். அதுதான் அப்போது நமது நிறுவனம். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துவிட்டு, அதை உதறிவிட்டு இதைத் தொடங்கியவர். எனக்கு வயது முப்பத்துநாலு. ஊவா மாகாணத்திலேயே வலைப்பக்கத்தில் ஒரு வரியைப் பிடித்து இழுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது என் நம்பிக்கை. வேறு யாராவது இருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்த்ததில்லை.

தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் வந்தது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மலைச்சரிவு வெடித்திருந்தது. அங்கே ஆறு லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நூற்று நாற்பது குடும்பங்கள். எல்லோரையும் பாதுகாப்பான இடத்தில் தகரக் கொட்டகை வீடுகளுக்கு மாற்ற வேண்டும். முதல் கட்டமாக நாற்பது வீடுகள் முடிந்துகொண்டிருந்தன. யார் முதலில் போவது என்பதற்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை நிலையானது அல்ல. ஒவ்வொரு மழைக்கும் சுவரில் வெடிப்பு அகலும். தோட்டக் கமிட்டிக்காரர்கள் ஞாயிறு தோறும் காம்பரா காம்பராவாக, ஓர் அறை விடாமல் போய் வெடிப்பை அளப்பார்கள். அளவுகோல் விரல்தான். ஒரு விரல் போனால் ஒரு கணக்கு, இரண்டு விரல் போனால் ஒரு கணக்கு, கையே போனால் அந்தக் குடும்பம் எல்லோருக்கும் மேலே வர வேண்டும்.

ஆக, அடிக்கடி வரிசை மாற்றக்கூடிய ஒரு பட்டியல் தேவைப்பட்டது. என் திறமைக்கென்றே அந்த மலை வெடித்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை மினக்கெட்டேன். வரியைப் பிடித்தால் அது லேசாக மேலெழும்பும். மற்ற வரிகள் விலகி வழிவிடும். விட்டதும் அந்த வரி மஞ்சளாகி, மெதுவாக வெள்ளைக்குத் திரும்பும். அந்த மஞ்சள் எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். பரிசோதனைக்கு எட்டுப் பழங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தேன். மா, வாழை, அன்னாசி என்று தொடங்கிப் பலா வரை எட்டு. எட்டாம் இடத்தில் இருந்த பலாவை முதலாம் இடத்துக்கு இழுத்துக் காட்டியபோது தொண்டு நிறுவனத்துக்காரர்கள் கை தட்டினார்கள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். “ஐசே, இது விளையாட்டுச் சாமான் மாதிரி எல்லே இருக்கு! இனி வாற ஆக்களுக்கு முதலிலை இதைத்தான் காட்ட வேணும்” என்றார்.

நூற்று நாற்பது பழங்கள் போட்டுப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மடுல்சீமைக்கு நானே போய் அதைக் கணினியில் பூட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் பாதி, மீதி தொண்டு நிறுவனத்தின் ஜீப்பில். தோட்டத்துப் பழைய ஸ்டோர் ஒன்றில் அவர்களுடைய கள அலுவலகம் இருந்தது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையமும் வர வேண்டும். வந்தால் வரும்.

அங்கே கிளாக்கர் வேலைக்கு இருந்தவர் புஷ்பம் அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர். பதினாறு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, அந்த வேலைக்கு நடுவிலேயே படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, இந்த மேசைக்கு வந்தவர். ஆறு மாத ஒப்பந்தம். முடிந்தால் புதுப்பிப்பார்கள். “இது போச்சுன்னா திரும்பவும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் சேர்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அது சிரிப்பதற்கான விஷயமில்லை என்று விளங்கும் அளவுக்கு எனக்கு அப்போது வயது போதாது போலும்.

நான் இழுத்துக் காட்டினேன். மஞ்சள் வந்து மறைந்தது. புஷ்பம் அக்கா கை தட்டவில்லை. மவுஸைத் தன் பக்கம் எடுத்தார்.

“இப்ப இந்தப் பள்ளத்து லயத்துப் பூரணம் இருக்கு சேர், நூத்திப் பன்னெண்டுல. அவ காம்பராவுல ரெண்டு விரலு போகுதுன்னு கமிட்டி எழுதியிருக்கு. நாலாவதா போடணும்.”

பிடித்தார். இழுத்தார். அந்தத் திரையில் ஒரு தடவைக்குப் பதினெட்டு வரிதான் தெரியும். மேல் விளிம்பில் பிடித்துக்கொண்டே நின்றால் பட்டியல் மெல்ல மெல்ல நகரும். அடியில் உருண்டை வைத்த அந்தக் கால மவுஸ் மேசை விளிம்பில் முட்டியது. பட்டனை விடாமல் மவுஸைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். வைத்தார். எழுபத்தொன்பதுக்குப் பக்கத்தில் விரல் நழுவியது. பூரணம் அங்கேயே உட்கார்ந்து, மஞ்சளாகி, அழகாக மறைந்தாள்.

“கொழுந்து எடுத்த கை சேர். கெட்டியா அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா வெரலு மரத்துப் போகுது” என்று கையை உதறினார். பிறகு கேட்டார்: “சேர், இது பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல ஒரு கட்டம் வெச்சுத் தர ஏலுமா? நாலுன்னு அடிச்சா நாலுக்குப் போற மாதிரி?”

இப்போது உங்களுக்கு என் பதிலைச் சொல்ல வேண்டும். “அக்கா, அதெல்லாம் பழைய முறை. கட்டத்துல நம்பர் அடிக்கிறதுன்னா கணக்குப் புத்தகமே போதுமே. ரெண்டு நாள் பழகினா கை சரியாயிரும்” என்றேன்.

பதினாறு வருடம் பழகிய கைக்கு, இரண்டு நாளில் பழகிவிடும் என்று புத்தி சொன்னேன். அவர் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பதுளைக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் தடவை, “பாதியில விழுந்துருது சேர்” என்றார். “கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போங்க அக்கா, பதினைஞ்சு பதினைஞ்சா” என்றேன். இரண்டாவது தடவை, “ஒவ்வொரு தரம் விட்டதும் லைன் சுத்திக்கிட்டே நிக்குது. நடுவுல கட்டாயிட்டா பழைய எடத்துக்கே போயிருது. அந்தக் கட்டம் பத்தி யோசிச்சீங்களா?” என்று கேட்டார். “யோசிக்கிறேன்” என்றேன். யோசித்தது என்னவோ மஞ்சளுக்குப் பதில் இளம்பச்சை வைக்கலாமா என்பதைத்தான்.

மூன்றாவது அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் போனது, ஒரு புகாரும் இல்லை. “பார்த்தீங்களா, பழகிட்டாங்க” என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். தம்பி தங்கைகளே, தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பேசாமல் இருந்தால், ஒன்று பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்களைக் கேட்டுப் பயனில்லை என்று அவர் வேறு வழி பார்த்திருக்க வேண்டும். எது என்று அறிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் எனக்கு அப்போது இளம்பச்சை வேலை இருந்தது.

புஷ்பம் அக்கா வேறு வழிதான் பார்த்திருந்தார். புதிதாக ஒரு குடும்பத்தைப் பதிந்தால் அது பட்டியலின் உச்சியில் வந்து விழும்படி நான் செய்திருந்தேன். பதிந்தவர் தான் பதிந்ததைக் கண்ணால் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம். அவர் அதைக் கவனித்துவிட்டார். யாரை மேலே கொண்டுவர வேண்டுமோ அந்தப் பதிவை அழித்துவிட்டு, அதே பெயரைப் புதிதாக அடித்தார். உச்சிக்கு வந்துவிட்டது. இழுவை இல்லை, வலி இல்லை. உச்சியில் இருந்தபடியே நாலைந்து வரி தள்ளி அவரால் ஒழுங்காக இழுத்துவிடவும் முடிந்தது. பூரணமும், பள்ளத்து லயத்தில் வெடிப்பு அகன்ற மற்றப் பத்துக் குடும்பங்களும் இப்படித்தான் மேலே வந்தார்கள். அவருடைய திரையில் எல்லாம் சரியாக இருந்தது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அச்சடிக்கும் பக்கத்தில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். கணக்கெடுப்பு நடந்த நாளுக்குப் பிறகு பதியப்பட்ட குடும்பம் முதல் கட்டத்தில் வராது. தோட்டத்தின் வேறு டிவிஷன்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பெயர் கொடுத்து வீடு வாங்கிவிடக் கூடாது என்று தொண்டு நிறுவனம் கேட்ட விதி அது. நியாயமான விதிதான். ஆனால் அழித்துப் புதிதாக அடித்தால் பதிவுத் தேதியும் புதிதாகிவிடும். ஆக, எந்தப் பதினொரு குடும்பங்களுக்கு ஆபத்து அதிகமோ, மிகச் சரியாக அந்தப் பதினொரு குடும்பங்களை மட்டும் என் அச்சுப்பக்கம் பொறுக்கியெடுத்து வெளியே போட்டது. இதைவிட நேர்த்தியாக ஒரு பிழையை வேண்டுமென்று யோசித்துக்கூட யாராலும் செய்ய முடியாது.

குடியேற்றும் நாளில் நானும் போயிருந்தேன். உதவி செய்ய அல்ல. நிறுவனத்தின் விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்க.

காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது தினமும் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், லயத்துச் சனமெல்லாம் கூடியிருந்தது. மூட்டை, பாத்திரம், சாமிப் படம், கூடைக்குள் அடைத்த கோழி. இரண்டு லொறிகள் நின்றன. மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தொண்டு நிறுவனத்தின் கள அதிகாரி, பண்டாரவளைக்காரர், பதுளையில் அச்சடித்துக் கொண்டுவந்த தாளைப் பிரித்து வாசித்தார். ஒன்று, இரண்டு என்று நாற்பது வரை வாசித்து முடித்தார்.

ஒரு பெண் முன்னால் வந்தாள். “எங்க பேரு வரலையே தொர. பள்ளத்து லயம், பூரணம்.”

“லிஸ்ட்ல இல்லம்மா. அடுத்த கட்டத்துல வரும்.”

“அடுத்த கட்டமா? எங்க காம்பராவுல இப்ப கை போகுதுங்க. முழங்கை வரைக்கும் போகுது. எம்மாமியாரு ரெண்டு நாளா வாசல்லதான் படுக்குது.”

பின்னாலிருந்து இன்னும் குரல்கள் வந்தன. பள்ளத்து லயத்தில் பதினொரு வீட்டுப் பெயர் இல்லை. மேட்டு லயத்தில் ஒரு விரல்கூட நுழையாத வீட்டுக்காரர்கள் பெயர் இருக்கிறது. அந்தக் களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் யார் சுவரில் எவ்வளவு வெடிப்பு என்று தெரியும். தெரியாத ஒரே ஒன்று அந்தத் தாள்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “இது கம்ப்யூட்டர்ல வந்த லிஸ்ட். கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?”

கழுத்தில் கெமராவோடு நின்ற நான் சொன்னேன்: “இல்லைங்க. சிஸ்டம் குடுத்ததைத்தான் காட்டும்.”

புஷ்பம் அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தார். “சேர், நேத்து சாயந்தரம்கூட ஸ்கிரீன்ல இவங்கதானே மேல இருந்தாங்க. நான்தான் அழிச்சிட்டுப் புதுசா போட்டேன். இழுக்க முடியல. அப்படிப் போட்டா மேல வருதேன்னுதான்...”

“அழிச்சியா?” என்றார் அதிகாரி. “கணக்கெடுத்த பதிவ நீ அழிச்சியா? யாரக் கேட்டு? எத்தன பேரு காசு குடுத்தாங்க உனக்கு?”

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு, களத்தில் நின்ற அவருடைய சொந்தச் சனமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. புதியது உச்சிக்கு வருவது, தேதி, அச்சுப்பக்கத்தின் விதி, நான் மறுத்த கட்டம். எல்லாம் என் கை வேலை. வாயைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. முதல் துளி மழை தாளில் விழுந்த பிறகுதான் திறந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“அவங்க மேல தப்பில்ல. நான் வெச்ச விதி அவங்களை வெளியே தள்ளியிருக்கு” என்றேன்.

“அப்ப இப்ப என்ன செய்ய? கம்ப்யூட்டர்ல மாத்தி அனுப்பு” என்றார் அதிகாரி.

“லைன் இல்ல சேர், காலையிலேர்ந்து” என்றார் புஷ்பம் அக்கா. மேசையிலிருந்து எடுத்து வந்த பேனாவை என் கையில் கொடுத்தார். “நீங்க நம்பரு எழுதுங்க. நான் பேரு சொல்றேன்.”

அவர் சொல்லச் சொல்ல, தாளின் மேல் ஓரத்தில் பதினொரு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்டேன். எண்ணைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டேன், மழையில் மை கலைந்து வேறு வரியோடு சேர்ந்துவிடக் கூடாது என்று. கீழே கையெழுத்து வைத்தேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதிகாரிக்கு அது தெரியும். ஆனால் நாளை ஏதாவது ஆனால் காட்டுவதற்கு இன்னொருவனுடைய கையெழுத்து கிடைத்தால் எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார்.

பதினொரு குடும்பம் ஏற வேண்டுமென்றால் பதினொரு குடும்பம் இறங்க வேண்டும். மேட்டு லயத்து ஆள் ஒருவர் மூட்டையை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டே, “என் வீட்டுச் சொவத்துல நகங்கூடப் போகாது. பூரணம் ஏறட்டும்” என்றார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர் இறங்கினார்கள். மூன்று குடும்பங்கள் இறங்க மாட்டோம் என்று விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர்கள் பெயரை வாசித்தது என் தாள்தானே. மிச்சம் மூன்று பள்ளத்து லயத்துக் குடும்பங்களைப் பிள்ளைக் காம்பராவில் தங்கவைத்தார்கள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடம் மட்டும் பாறைமேல் கட்டியது.

நான்காம் நாள் பள்ளத்து லயத்தின் பின்சுவர் விழுந்தது. விழுந்தது பூரணத்தின் காம்பராவிலும் அதற்கடுத்ததிலும். உள்ளே ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நான் நல்லவன். பல வருடம் இந்த இடத்தில்தான் நிறுத்தி வந்தேன். புதுவருட விருந்துகளில் நம் முதலாளி இதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை, பேனா, கையெழுத்து, எல்லாம் வரும். அடுத்து நடந்தது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு கிழமை கழித்துத் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவுகள் அழிக்கப்பட்டது தொடர்பாக விசாரணையாம். பிழை மென்பொருளுடையதா, பணியாளருடையதா என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். களத்தில் நான் சொன்னது காற்றோடு போயிருந்தது. இப்போது தாளில் சொல்ல வேண்டும்.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “பிழை எங்கடை எண்டு எழுதிக் குடுத்தால் ஆர் எங்களுக்கு அடுத்த வேலை தருவினம்? இன்னும் நாலு மாவட்டத்துக்கு இதைக் கேக்கினம், தெரியுமே?”

“அப்ப பொய் எழுதவா?”

“பொய் எழுதச் சொல்லேல்லை ஐசே. உண்மையிலை வேண்டியதை மட்டும் எழுதும்.”

ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கடிதத்தின் முக்கியமான வரி இது: ‘பதிவை அழித்து மீண்டும் பதிவது வரிசை மாற்றும் முறையாக எம்மால் வழங்கப்படவில்லை.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் என்று யாராலும் விரல் வைக்க முடியாது. அவர் கட்டம் கேட்டதையும், நான் மறுத்ததையும், இரண்டு தடவை தொலைபேசியில் சொன்னதையும் எழுதவில்லை. கடிதத்தில் அவற்றைக் கேட்கவும் இல்லையே. அவ்வளவு நேர்த்தியான ஒரு வரியை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. மழையில் நனைந்த தாளில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் தைரியம் போதும். மின்விசிறிக்குக் கீழே, கதிரையில் சாய்ந்திருந்து, அவசரமே இல்லாமல் உண்மை எழுதத்தான் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

புஷ்பம் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நாலு மாவட்ட வேலை எங்களுக்குக் கிடைத்தது.

அந்த வேலை கிடைத்த நாளில்தான் கட்டத்தைச் செய்தேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? கீழே ஹாஜியாரின் கடையிலிருந்து வந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பலாவுக்குப் பக்கத்தில் ஒன்று என்று அடித்தேன். பலா முதலாம் இடத்துக்குப் போனது. இளம்பச்சையாகி மறைந்தது.

மடுல்சீமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். புதிதாக வந்த ஒரு பொடியன்தான் எடுத்தான். கட்டம் வைத்திருக்கிறது, அடித்துப் பாருங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் அவனே திரும்ப அழைத்தான். “சேர், சூப்பர்! நூத்தி முப்பதுல இருந்தத மூணுக்குக் கொண்டு வந்துட்டேன், ஒரே அடியில. இதெல்லாம் யாரு சேர் யோசிச்சது?”

லைன் கட்டானதாக்கும் என்று அவன் “ஹலோ, ஹலோ” என்றான்.

“நான்தான்” என்றேன்.

அடுத்த வருடம் லுணுகலைக் கடைத்தெருவில் புஷ்பம் அக்காவைப் பார்த்தேன். சந்தைப் பையோடு பஸ்ஸுக்கு நின்றார். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. திரும்ப மலைக்குப் போய்விட்டார் என்பது அந்தத் துணியிலேயே தெரிந்தது. என்னைக் கண்டதும் முதலில் அவரே பேசினார்.

“எப்படி சேர் இருக்கீங்க? அந்தக் கட்டம் வெச்சீங்களா?”

“வெச்சேன் அக்கா.”

“நல்லதாப் போச்சு. பொறவு வர்ற புள்ளைங்களுக்குக் கை நோகாது” என்றார். அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். என் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அனுபவம் எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். கடிகாரத்தை வீட்டில் மாட்டியாயிற்று, நன்றாக ஓடுகிறது. உங்களிடம் ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். நமது நிரலில் அந்தக் கட்டத்துக்கான கோப்பின் தலைப்பில் என் பெயர் இருக்கிறது. நானே போட்டது. அதை அழித்துவிட்டுப் புஷ்பம் என்று அடியுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பதிவுத் தேதியை மட்டும் மாற்றாதீர்கள், பழைய தேதியே இருக்கட்டும். உண்மையில் அதுவும் பிந்திய தேதிதான்: நான் அதைச் செய்வதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்.